முத்தமிடாத தாய்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தாயைப் பற்றிப் பேசப் புகுவோர் அவள் அணைத்ததையும் ஊட்டியதையும் உச்சி முகர்ந்து முத்தமிட்டதையுமே பெரும்பாலும் எடுத்துரைப்பர். தன் கடைசி மகளின் நினைவில் ஒரு முத்தத்தையேனும் விட்டுச் செல்லாமல் மறைந்த ஒரு தாயைப் பற்றியது இவ்வுரை. அவ்வம்மையார் நம் நாட்டவர் அல்லர், போலந்து நாட்டவர். பிரோனிசுலாவா என்பது அவர் பெயர். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் என்புருக்கி நோயோடு போராடி, 1878-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், நாற்பதைச் சற்றே கடந்த அகவையில் வார்சா நகரில் மறைந்தார்.

அவர் பெற்ற கடைசி மகளை உலகம் அறியும். 1903-இல் இயற்பியலுக்கும் 1911-இல் வேதியியலுக்குமாக இருமுறை நோபல் பரிசு பெற்றவர் அவர். நம் பாடநூல்கள் அவரை 'மேரி கியூரி' என்று அழைக்கின்றன. மேரி என்பது பிரெஞ்சுக்காரர் வாயில் வழங்கிய வடிவம். கியூரி என்பது கணவரின் குடிப்பெயர். பெற்றோர் இட்ட பெயர் மரியா. பிறந்த குடியின் பெயர் சுக்லோடோவ்சுகா. பிரான்சில் வாழ்ந்த காலமெல்லாம் அந்தப் பிறந்தகத்துப் பெயரையும் தம் கையெழுத்தினின்று அவர் விட்டுவிடவில்லை. நம் மாணவர்கள் இரேடியத்தை ஒப்புவிக்கின்றனர், இப்பெயரை ஒப்புவிப்பதில்லை. அவரைப் பெற்றவளின் பெயரையோ கேட்கவே வேண்டா!

அம்மையாரின் வாழ்வை அறிய வேண்டுமாயின், அவர் வாழ்ந்த நாட்டின் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். அன்று நிலப்படத்தில் போலந்து என்றொரு நாடே இல்லை. உருசியா, பிரசியா, ஆத்திரியா என்னும் மூன்று பேரரசுகள் 1795-இல் அதனை முற்றாகத் துண்டாடிப் பங்கிட்டுக்கொண்டன. 1815 முதல் வார்சா நகரம் உருசியப் பேரரசன் கைப்பட்டது. 1863 சனவரியில் எழுந்த விடுதலைக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், தூக்குமரமும் சைபீரியாவும் போதா என்று கருதிய அவ்வரசு மொழிமேல் கைவைத்தது. வார்சாவில் போலந்து மொழியில் நடந்துவந்த உயர்கல்விக் கழகம் 1869-இல் மூடப்பட்டு, அதனிடத்தில் உருசிய மொழிப் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் உருசியமே பயிற்றுமொழி ஆயிற்று. 1885-இல் தொடக்கப் பள்ளிகளும் அதற்குத் தப்பவில்லை. நாட்டின் பெயரே அலுவல் ஏடுகளினின்று களையப்பட்டு, அங்கு ஓடும் ஆற்றின் பெயரால் 'விசுத்துலா நிலம்' என வழங்கலாயிற்று. பெயரை எடுத்துவிட்டால் மக்களும் தம்மை மறந்துவிடுவர் என்று எண்ணினர் போலும்!

அந்நகரில் பிரேட்டா தெருவில் பெண்களுக்கென ஒரு தனியார் பள்ளி இருந்தது. பிரோனிசுலாவா அப்பள்ளியிலேயே பயின்று, அப்பள்ளியிலேயே ஆசிரியையாகி, பின்னர் அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றவர். போகுசுகி என்னும் சிறு நிலக்கிழார் குடியில் ஆறு மக்களுள் மூத்தவர். குடிப்பெருமை உண்டு, கைப்பொருள் இல்லை. 1860-இல் கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் விளாடிசுலாவ் சுக்லோடோவ்சுகி என்னும் ஆசிரியரை மணந்தார். பள்ளிக் கட்டடத்திலேயே குடியிருப்பு. 1862-இல் சோபியா, 1863-இல் யோசேப்பு, 1865-இல் தாயின் பெயரையே தாங்கிய இளைய பிரோனிசுலாவா, 1866-இல் எலேனா, 1867 நவம்பர் 7-ஆம் நாள் மரியா என ஐந்து மக்களும் அவ்வீட்டிலேயே பிறந்தனர். ஆறாண்டுகளில் ஐந்து பேறு. அதனூடே ஒரு பள்ளியின் முழுப் பொறுப்பு! 1868-இல் கணவர்க்கு வேறொரு பள்ளியில் பணி கிடைக்கவே, குடும்பம் நோவோலிப்கித் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. அம்மையாரும் நாளடைவில் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். பிரேட்டா தெருவிலுள்ள அவ்வீடு இன்று மகளின் பெயரால் அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

மரியா பிறந்த காலத்தை ஒட்டியே நோயின் முதல் அறிகுறிகள் தோன்றின. வறட்டிருமல், மெலிவு, களைப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என்புருக்கி நோய் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றும் என்பது அந்நாளில் எல்லாரும் ஒப்பிய செய்தியன்று. குடிவழியாக வருவது என்றே மருத்துவர் பலர் கருதியிருந்தனர். அந்நோயை விளைக்கும் நுண்ணுயிரியைக் கண்டதாக இராபர்ட்டு கோக் என்னும் செருமானிய மருத்துவர் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச்சு 24-ஆம் நாள். அம்மையார் மறைந்து ஏறத்தாழ நான்காண்டுகள் கழிந்தபின்! அந்நுண்ணுயிரியைக் கொல்லும் முதல் மருந்தாகிய இசுட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. ஆகவே, மருத்துவ நூல் உறுதி கூறுவதற்கு முன்பே அம்மையார் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டார். தாம் உண்ணும் கலங்களைத் தனியே வைத்தார். பிள்ளைகளை முத்தமிடுவதை விட்டார்.

இதனை எழுதுவதும் சொல்லுவதும் எளிது. ஐந்து அகவைச் சிறுமி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ள முனைகின்றாள். தாய் கையில் ஏதேனும் ஒரு வேலையை எடுத்துக்கொள்கின்றார். வெளியே போய் விளையாடு என்கின்றார். நோய் இன்னதென்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. எனவே தாய் ஏன் விலகுகின்றார் என்பதும் அச்சிறுமிக்குத் தெரியாது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒன்று: தாய் தன் விரல்களால் அவள் நெற்றியை மெல்ல வருடிவிடுவார். அவ்வருடலையே பெரும்பேறாகக் கொண்டு அவள் வளர்ந்தாள். வாரி அணைப்பதில் அன்பு வெளிப்படும் என்று நாம் அறிவோம். அணைக்க எழும் கைகளை நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் அடக்கிக்கொள்வதற்கு எத்துணை அன்பு வேண்டும் என்பதைத் தாயர் உள்ள இவ்வவையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நோயாளி என்று படுக்கையில் சாய்ந்திருந்தவரும் அல்லர் அவர். ஐந்து பிள்ளைகளின் கால்களும் வளர்ந்துகொண்டே இருந்தன. வாங்கிய காலணிகளோ தேய்ந்துகொண்டே இருந்தன. ஆசிரியர் ஊதியம் அதற்கு எட்டவில்லை. அம்மையார் தோலும் ஊசியும் நூலும் வாங்கிவந்து, காலணி தைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு, தம் மக்களுக்கு வேண்டிய காலணிகளைத் தாமே தைக்கலானார். நிலக்கிழார் குடியிற் பிறந்தவர். ஒரு பள்ளியை ஆண்டவர். பியானோ வாசிக்கத் தெரிந்த விரல்கள் அவை. அவ்விரல்கள் தோலைக் குத்தித் தைத்தன. இதில் இழிவு எதனையும் அவர் கண்டாரில்லை. தோல் தொட்டவனைத் தொடாதே என்று ஒதுக்கிய ஒரு குமுகாயத்தில் பிறந்த நாம் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

மரியாவின் இளமையைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று உண்டு. அவளுக்கு நான்கு அகவை. அக்கை இளைய பிரோனிசுலாவா எழுத்தட்டைகளை வைத்துக்கொண்டு அவளோடு பள்ளிக்கூட விளையாட்டு ஆடிவந்தாள். ஒருநாள் பெற்றோர்முன் அக்கை ஒரு நூலைத் தட்டுத்தடுமாறிப் படிக்க, தங்கை அதனைப் பறித்து முதல் வரியைத் தங்குதடையின்றிப் படித்துவிட்டாள். பெற்றோர் வியந்து வாயடைத்து நின்றனர். அவ்வமைதியைக் கண்ட குழந்தை, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி ஓவென்று அழுதது. வேண்டுமென்று செய்யவில்லை, எளிதாயிருந்ததால் படித்துவிட்டேன் என்று தேம்பியது. இத்துணைச் சிறு அகவையில் மூளையை வருத்தலாகாது என்று கருதிய பெற்றோர், அதன்பின் நூல்களை அவள் கைக்கு எட்டாமல் வைக்க முயன்றனர் என்பர். பிள்ளை முதல் நிலையில் நிற்கவேண்டும் என்று மூன்று அகவையிலேயே ஆங்கிலப் பாட்டு ஒப்புவிக்க வைக்கும் பெற்றோர் இதனைக் கேட்டு நகைக்கக்கூடும்.

அக்குழந்தை படித்த அவ்வரி போலந்து மொழி வரி. அவ்வீட்டில் பேச்சும் பாட்டும் வழிபாடும் போலந்து மொழியிலேயே நிகழ்ந்தன. தந்தை பள்ளிக்குச் சென்றால் உருசியத்தில் கற்பிக்க வேண்டும். வீட்டுக்குள் வந்தால் தம் மொழி. 'தாய்மொழி' என்னும் தொடரைத் தாயாகிய மொழி எனப் பண்புத்தொகையாக விரிப்பாரும் உளர். தாயினது மொழி என வேற்றுமைத் தொகையாக விரிப்பாரும் உளர். நோவோலிப்கித் தெரு வீட்டில் அதனைத் தாயால் தரப்பட்ட மொழி என உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரித்தல்தான் பொருந்தும். அணைப்பு விலக்கப்பட்டது; முத்தம் விலக்கப்பட்டது; தாய்க்கும் மகளுக்கும் இடையே தடையின்றிச் சென்றுவர எஞ்சியது சொல் ஒன்றே. அச்சொல்லையும் வெளியே ஓர் அரசு விலக்கிவைத்திருந்தது.

1873-இல் அடுத்த அடி விழுந்தது. கோடை விடுமுறை கழிந்து குடும்பம் திரும்பியபோது, தந்தையின் துணைக் கண்காணிப்பாளர் பதவி பறிக்கப்பட்டிருந்தது, ஊதியம் குறைக்கப்பட்டிருந்தது, பள்ளி தந்த குடியிருப்பும் போயிற்று. உருசியத் தலைமைக்கு வளைந்து கொடாமையே கரணியம். சேர்த்துவைத்த பொருளை உறவினர் ஒருவரின் ஆலைத் தொழிலில் இட்டு அதனையும் அவர் இழந்தார். நோயுற்ற மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உள்ள வீட்டில், பிழைப்பின்பொருட்டு வெளியூர் மாணவரைத் தங்கவைத்து உணவும் பாடமும் கொடுக்கும் நிலை வந்தது. இருவர் மூவராகத் தொடங்கிப் பதின்மர்வரை அம்மாணவர் தொகை பெருகியது. வீடு இரைச்சல் மிகுந்த விடுதியாயிற்று. அவ்விரைச்சலுக்கு நடுவே இருமும் ஒலியை அடக்கிக்கொண்டு அம்மையார் வாழ்ந்தார். இதற்கிடையில், மருத்துவர் சொற்படி, மூத்த மகள் சோபியாவைத் துணைக்கொண்டு தென்பிரான்சின் கடற்கரை நகராகிய நீசுக்குச் சென்று தங்கியும் பார்த்தார். திரும்பி வந்தவர் முன்னினும் மூத்துத் தளர்ந்து தோன்றினார்.

1876-இல், தங்கிப் படித்த மாணவர் ஒருவர் வழியாகத் தைபசு என்னும் கொள்ளைக் காய்ச்சல் வீட்டுக்குள் புகுந்தது. இரு மகளிர் படுத்தனர். இளைய பிரோனிசுலாவா பிழைத்தாள், சோபியா பிழைக்கவில்லை. தாய்க்குத் துணையாகத் தென்பிரான்சின் கடற்கரை நகர்வரை சென்று, நோயாளியைப் பேணி, குழந்தைப் பருவத்தையே அதற்கு ஈந்த பெண் அவள். பிணப்பெட்டி தெருவில் சென்றபோது, உடன்செல்ல ஆற்றலில்லாத தாய், பலகணிக்குப் பலகணி தம்மை இழுத்துக்கொண்டு நகர்ந்து, கண்ணுக்கு எட்டியவரை அதனைப் பார்த்து நின்றார்.

அதன்பின் இரண்டாண்டுகளே அவர் வாழ்ந்தார். அவ்விரண்டாண்டுகளில் சிறுமி மரியா பகலில் என்ன செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் படித்த சிகோர்சுகா அம்மையார் பள்ளியில் இரட்டை வாழ்வு நடந்தது. ஆசிரியை போலந்து நாட்டு வரலாற்றைப் போலந்து மொழியிலேயே மறைவாகக் கற்பிப்பார். உருசியக் கல்விக் கண்காணிப்பாளர் வாயிலில் நுழைந்தால் மணி ஒலிக்கும். அவ்வொலி கேட்டவுடன் நூல்களும் சுவடிகளும் சிறுமியரின் மேலாடை மடிகளில் அள்ளப்பட்டு விடுதி அறைக்குள் மறையும். கண்காணிப்பாளர் வகுப்புக்குள் வரும்போது மாணவியர் அமைதியாகத் தையல் தைத்துக்கொண்டிருப்பர். யாரேனும் ஒருத்தியை எழுப்பிக் கேள்வி கேட்பது அவர் வழக்கம். உருசியம் நன்கு பேசுவாள் என்பதால் பெரும்பாலும் எழுப்பப்படுபவள் மரியாவே. ஒருநாள் பத்து அகவைச் சிறுமியாகிய அவளை எழுப்பி, இறைவழிபாட்டு உரையை உருசிய மொழியில் ஒப்புவிக்கச் சொன்னார். பேரரசர் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். உங்களை ஆள்பவர் யார் என்று கேட்டார். பிழையின்றி விடை கூறினாள். அவர் அகன்றதும் ஆசிரியையிடம் சென்று விம்மி அழுதாள்.

ஏன் அழுதாள்? அச்சத்தால் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுதல் நன்று. அதே சிறுமி இரவுதோறும் வீட்டில், அம்மாவுக்கு நலம் கொடு என்று தன் தாய்மொழியில் வேண்டிக்கொண்டிருந்தாள். இரவில் தாயின் உயிருக்காக எந்த மொழியில் மன்றாடினாளோ, அந்த மொழியைப் பகலில் வாய்க்குள் விழுங்கிவிட்டு, ஆள்வோர் மொழியில் அதே இறைவனை அழைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

வேண்டுதல் பலிக்கவில்லை. 1878 மே மாதத்தில் அம்மையார் தம் மக்களை ஒவ்வொருவராகப் பார்த்து வாழ்த்தி விடைபெற்றார். இறுதி நாளிலும் கட்டுப்பாடு தளரவில்லை, கையசைவால்தான் வாழ்த்தினார். வார்சாவின் போவோன்சுகி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார். தாயின் மறைவே தம் வாழ்வின் முதற்பெருந்துயர் எனவும், அது தம்மை ஆழ்ந்த சோர்வில் ஆழ்த்தியது எனவும் மரியா பிற்காலத்தில் எழுதியுள்ளார். தாயிடமிருந்த ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றும் மகளிடம் அத்துடன் நீங்கிற்று.

தாய் விட்டுச்சென்றவை நீங்கவில்லை. பதினெட்டு அகவையில் ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணியேற்றுச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த மரியா, ஓய்வு நேரத்தில் உழவர் வீட்டுக் குழந்தைகளைத் தம் அறைக்கு அழைத்துப் போலந்து மொழியில் எழுதவும் படிக்கவும் கற்பித்தார். அரசு அறிந்திருந்தால் சைபீரியாதான். அவ்வூதியத்திலிருந்தே அக்கை பிரோனிசுலாவா பாரிசில் மருத்துவம் படிக்கப் பணம் சென்றது. அவ்வக்கை மருத்துவராகித் திரும்பிக் கணவருடன் 1902-இல் மலைநகராகிய சாக்கோபனேயில் திறந்தது எந்நோய்க்கான மருத்துவமனை தெரியுமா? என்புருக்கி நோய்க்கான மருத்துவமனை!

தாயின் பிறந்தகமும் இவ்வரலாற்றில் வருகின்றது. மரியா முதன்முதலாகத் தம் கையால் ஆய்வுக்கருவிகளைத் தொட்டது, வார்சாவில் தாய்மாமன் மகன் யோசேப்பு போகுசுகி நடத்திய சிறிய ஆய்வுக்கூடத்தில்தான். பாரிசு சென்று, பியர் கியூரியை மணந்து, 1898 சூலையில் புதிய தனிமம் ஒன்று இருப்பதை அவ்விருவரும் அறிவித்தபோது, நிலப்படத்தில் இல்லாத தம் நாட்டின் பெயரால் அதற்குப் 'பொலோனியம்' என்று பெயரிட்டனர். அலுவல் ஏடுகளினின்று களையப்பட்ட பெயர் தனிமங்களின் பட்டியலில் ஏறிற்று. அக்கட்டுரையின் படியை மரியா அதே போகுசுகிக்கு அனுப்பிவைத்தார். பாரிசில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த காலத்தை ஒட்டியே வார்சாவில் ஓர் இதழில் அது போலந்து மொழியிலும் வெளிவந்தது. அறிவியலைத் தாய்மொழியில் எழுத முடியுமா என்று இன்றும் ஐயுறுவார் இந்நிகழ்ச்சி நடந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.

1906-இல் கணவரை இழந்தபின் இரு பெண் மக்களைத் தனித்து வளர்த்த மரியா, பிரான்சு நாட்டில் பிறந்த அவர்களுக்குப் போலந்துப் பெண்களை அமர்த்தித் தம் மொழியைக் கற்பித்தார். போலந்துக்கும் அழைத்துச் சென்றார். 1918-இல் நாடு விடுதலை பெற்றது. 1932-இல் வார்சாவில் இரேடியம் நிலையம் திறக்கப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்றவர் அக்கை பிரோனிசுலாவா. 1934-இல் மரியா நோயுற்றபோது, தாயின் நோயே மகளையும் பற்றியது என்று மருத்துவர் முதலில் ஐயுற்று ஒரு மலைநல மருத்துவமனைக்கு அனுப்பினர். அது குருதியைப் பற்றிய வேறு நோய். சூலை 4-ஆம் நாள் அவர் மறைந்தார். பாரிசையடுத்த சோ என்னும் ஊரில் அடக்கம் செய்தபோது, அண்ணன் யோசேப்பும் அக்கை பிரோனிசுலாவாவும் போலந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணைக் குழிக்குள் இட்டனர்.

இளைய மகள் ஈவ் தம் தாயின் வரலாற்றை 1937-இல் நூலாக வெளியிட்டார். அவர் பிறந்தது 1904-இல். பாட்டி மறைந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின். தாம் ஒருநாளும் கண்டிராத அப்பாட்டி மடியில் தோலை வைத்துக்கொண்டு காலணி தைத்ததும், கழுத்தைக் கட்டவந்த சிறுமியை மெல்ல விலக்கி நெற்றியை வருடியதும் அந்நூலில் இருக்கின்றன.